அப்பத்தாவின் புளிச்ச பானை

பெண் பார்க்க நாம் போவோம். அதற்கு முன்னாலோ பின்னாலோ, மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அவர்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பளம், நிலம், நகை எல்லாவற்றையும் வாய்விட்டே கேட்டுவிடுவார்கள். ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். வந்தவர்களில் ஒரு பெரியவர், "தம்பி, கொஞ்சம் கை கழுவணுமே..." என்று எழுந்திருப்பார். திரும்பி வரும்போது அவர் முகத்தில் தெரிந்துவிடும், சம்பந்தம் தேறுமா தேறாதா என்று!

எனக்கு அந்தக் கண்டம் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று வியாழக்கிழமை தகவல். பேரையூரில் எங்கள் வீட்டு போர் தண்ணீரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சோப்புப் போட்டால் நுரை வராது, திரிதிரியாக வரும். பருப்பு வேக மறுக்கும். பாத்ரூம் குழாய்களெல்லாம் சதுரகிரி மலை ஏறி இறங்கிய சாமியார் மாதிரி மேலெல்லாம் விபூதி பூசி நிற்கும். டைல்ஸ் என்ன நிறத்தில் வாங்கினோம் என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

சனிக்கிழமை காலையில் தெருவில் "ஆசிட்டேய்... பினாயிலேய்..." என்று டி.வி.எஸ். ஃபிஃப்டியில் குரல் போனது. ஓடிப்போய் இரண்டு பாட்டில் வாங்கினேன். (ஆசிட் வாங்குகிறவனின் பெயர், விலாசம் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் விற்க வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "சில்லறை இருக்காண்ணே?")

ஊற்றினேன். பொங்கியது. கொஞ்சம் வெளுத்தது. ஆனால் ஆசை யாரை விட்டது? தண்ணீர்த் தொட்டிக்குப் போட வாங்கிய பிளீச்சிங் பவுடர் மூலையில் இருந்தது. ஆசிட் ஒரு மடங்கு வெளுத்தால், ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் இரண்டு மடங்கு வெளுக்குமே! ஆபீசில் கூட்டல் கழித்தல் பார்த்தே பழகிய மூளை. இரண்டு கை அள்ளி ஆசிட் மேலேயே போட்டேன்.

மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை எழுந்தது. அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை. தொண்டையில் மிளகாய்ப் பொடியை வைத்து அடைத்தது போல இருந்தது. கண் தெரியவில்லை. கொல்லைப் பக்கக் கதவு கையில் தட்டுப்பட்டது, விழுந்தடித்து வெளியே ஓடி, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

நான் கொல்லைப் பக்கம் ஓடியது அம்மாவுக்குத் தெரியாது. அடுப்படியில் இருந்தவள் என் இருமல் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள். நான் உள்ளேதான் மயங்கிக் கிடக்கிறேன் என்று நினைத்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் புகைக்குள்ளே போய்விட்டாள். அம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு.

அப்பத்தா கத்திய கத்தலில்தான் நான் திரும்பி ஓடினேன். அம்மாவை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆட்டோவை எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நீ வெளியதான் இருந்தியாக்கும்?"

முகத்தில் மாஸ்க்கை மாட்டி, மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, இரண்டு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு வைதார். நான் தயாரித்தது குளோரின் வாயுவாம். 1915 ஏப்ரலில், முதல் உலகப் போரின்போது, பெல்ஜியத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள் மேல் திறந்துவிட்ட அதே சரக்கு. அவர்கள் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களில் கொண்டுபோனார்கள். நான் டைல்ஸ் வெளுக்க, பெற்ற தாய் மேல் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேன் வரவில்லை, நாங்களே வேண்டாமென்று சொல்லிவிட்டோம்.

அம்மா வீடு திரும்பியதும் அப்பத்தா பஞ்சாயத்தைக் கூட்டியது. "ஏண்டா, நாலு எழுத்துப் படிச்சவன்தான நீ? கறையை எடுக்க ஒரு வாய் புளிச்ச மோர் போதாதா? அதுக்குப் போயி ஆலகால விஷத்தைக் காச்சியிருக்க!"

அப்பத்தாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பானை உண்டு. மிஞ்சின மோர், புளித்துப்போன இட்லி மாவு, எல்லாம் அதற்குள்தான் போகும். அதன் வாசனைக்காகவே என் சிநேகிதர்களை வீட்டுக்குள் அழைக்காமல் வாசலோடு பேசி அனுப்பிய காலம் உண்டு. அன்றைக்கு அப்பத்தா அதிலிருந்து ஒரு கை மோரை அள்ளி, கறுத்துக் கிடந்த பித்தளைக் குத்துவிளக்கில் பூசியது. வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் விட்டு, தேங்காய் நாரால் ஒரு தேய். விளக்கு நேற்று வாங்கியது மாதிரி ஆகிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? அதே மோரைக் கொண்டுபோய் பாத்ரூம் குழாயில் பூசினேன். உப்பு கொஞ்சம் இளகியது நிஜம். ஆனால் தெருவில் இருந்த அத்தனை பூனையும் ராத்திரி எங்கள் வீட்டு ஜன்னலில் மாநாடு போட்டன.

விடை சொன்னவர் ஆபீசில் பக்கத்து சீட் நண்பர். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்களோடு உட்கார்ந்து ரிஜிஸ்தர் எழுதுகிற புண்ணியவான். "மோரில் இருப்பது லாக்டிக் அமிலம். பாலில் இருக்கிற சர்க்கரையைத் தின்றுவிட்டு பாக்டீரியா போடுகிற கழிவு அது. இட்லி மாவும் அதே கதைதான். அமிலம் சரி, ஆனால் உன் குழாய்க்கு அது போதாது. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளு. சிட்ரிக் ஆசிட்" என்றார்.

"ஆசிட்டா!" என்று எழுந்தே நின்றுவிட்டேன்.

"உட்காருய்யா. எலுமிச்சம்பழத்தில் இருப்பதுதான். ஆனால் கடையில் விற்கிறது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை" என்று ஆரம்பித்தவர், மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கதை நன்றாக இருந்தது. எலுமிச்சைச் சாற்றிலிருந்து இந்த அமிலத்தை 1784-ல் முதலில் பிரித்தவர் ஷீலே என்கிற ஸ்வீடன் நாட்டு ஆசாமி. (புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தை நாலு வருஷம் முன்னதாகப் பிரித்தவரும் அவரே. அப்பத்தாவுக்குப் பொருத்தமான ஜோடி!) அப்புறம் ரொம்ப காலத்துக்கு இந்த வியாபாரம் இத்தாலிக்காரர்களின் எலுமிச்சைத் தோட்டத்தை நம்பித்தான் நடந்தது. 1917-ல் ஜேம்ஸ் கர்ரி என்கிற அமெரிக்கர், ஒரு கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரையைத் தீனியாகப் போட்டால் அது சிட்ரிக் அமிலமாகக் கக்குகிறது என்று காட்டினார். இரண்டே வருஷத்தில் ஃபைசர் கம்பெனி தொழிற்சாலையில் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கு உலகத்தில் விற்கிற சிட்ரிக் ஆசிட் அநேகமாக எல்லாமே இப்படி நொதிக்க வைத்து எடுப்பதுதான்.

"அந்தப் பூஞ்சையை நீ தினம் பார்க்கிறே. வெங்காயம் உரிக்கும்போது தோலில் கறுப்பாகப் பொடி ஒட்டுமே, அதன் பெயர்தான் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர்" என்று முடித்தார். அன்று சாயங்காலம் ஒரு வெங்காயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவனுக்கும் புகை தலைக்கு ஏறிருச்சு போல" என்றது அப்பத்தா.

நூறு கிராம் பாக்கெட் வாங்கினேன். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு பெரிய கரண்டி. பழைய வேட்டித் துணியை நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, ஒரு மணி நேரம் டி.வி. பார்த்தேன். அவிழ்த்தால்... குழாய்க்குள் என் முகம் தெரிகிறது! உப்புப் படிவம் பெரும்பாலும் சுண்ணாம்பு. அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைகிறது. வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு, வெந்நீர் கெட்டில், ஷவர் என்று வீடு முழுக்க ஒரு சுற்று வந்தேன்.

முன்பு பட்ட சூடு இருக்கிறதே, அதனால் எச்சரிக்கைகளையும் கேட்டு வைத்துக்கொண்டேன். கடப்பாக் கல், மார்பிள், மொசைக் மேல் எந்தப் புளிப்பும் படக்கூடாது. அந்தக் கற்களே சுண்ணாம்பு ஜாதி, கறையோடு சேர்த்துத் தரையையும் தின்றுவிடும். பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சை உப்போ வினிகரோ கூடச் சேரக்கூடாது, அதே விஷப்புகைதான் வரும். கிருமியைக் கொல்ல பிளீச்சிங் பவுடர், கறையை எடுக்கப் புளிப்பு. இரண்டும் வேறு வேறு நாளில்.

கடையில் வினிகர் பாட்டிலும் பார்த்தேன். லேபிளில் 'சிந்தெடிக்' என்று போட்டிருந்தால் அது புளிக்க வைத்ததல்ல, தொழிற்சாலை அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. கண்ணாடி துடைக்க அதுவும் போதும்.

ஊரெல்லாம் பேசுகிற 'பயோ என்ஸைமை'யும் விடவில்லை. மூன்று பங்கு பழத்தோல், ஒரு பங்கு வெல்லம், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாசம். தாய்லாந்தில் ரோசுகோன் பூம்பன்வோங் என்கிற அம்மையார் பரப்பிய கணக்கு இது. சாத்துக்குடித் தோல் போட்டு பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தேன். முதல் மாசம் தினம் மூடியைத் திறந்து காற்றை விடணும் என்பதை மறந்துவிட்டேன். ஆறாம் நாள் நடுராத்திரி பரணில் 'டமார்!' அப்பத்தா, "திருடன்டா!" என்று உலக்கையோடு எழுந்து நின்றது. இரண்டாவது பாட்டில் ஒழுங்காகத் தேறியது. தரை துடைக்க நல்ல வாசனை, சின்னக் கறைக்குப் பரவாயில்லை. ஆற்றையே சுத்தமாக்கும், ஆகாயத்தையே சுத்தமாக்கும் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

அப்பத்தாவின் பானைக்கு அப்புறம் வீட்டில் மரியாதை கூடியது. மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து புளிக்க வைத்த தேமோர் கரைசலை எங்கள் பக்க விவசாயிகள் பூப்பிடிக்கிற பயிருக்குத் தெளிக்கிறார்கள். அப்பத்தா கொல்லைக் கத்தரிக்கு வெறும் புளிச்ச மோரையே தண்ணீர் விட்டுத் தெளிக்கிறது. நீச்சத்தண்ணியைத் தலைக்கு ஊற்றிக்கொள்கிறது. எண்பத்து மூன்று வயசில் அந்த முடியைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். (எனக்கு முன்மண்டை காலி. நீச்சத்தண்ணி அதற்கு ஒன்றும் செய்யவில்லை, முயற்சி செய்து பார்த்தாயிற்று.)

வேன் ஒரு மாசம் கழித்து வந்தது. காபி முடிந்ததும், எதிர்பார்த்தபடியே பெண்ணின் தாய்மாமா எழுந்தார். "தம்பி, கொஞ்சம் கை கழுவணுமே..."

போனவர் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். நான் வியர்த்துப்போய் எட்டிப் பார்த்தால், மனுஷன் குழாய் முன்னால் குனிந்து மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார். "எங்க வீட்லயும் உப்புத் தண்ணிதான் தம்பி. இதுக்கு என்னத்தைப் போடுறீங்க?"

ஜாதகம் பொருந்தவில்லை என்று பத்து நாளில் சொல்லியனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வேன் ஏறும்போது தாய்மாமா எலுமிச்சை உப்பு பாக்கெட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார், அந்த வகையில் எனக்கு நஷ்டம் இருபது ரூபாய்.

அம்மாவின் சுருக்குப்பையில் வெற்றிலையோடு இப்போது இன்ஹேலரும் இருக்கிறது. முன்பு பனிக்காலத்தில் மட்டும் வருகிற இளைப்பு, இப்போது சாம்பிராணி போட்டாலே வந்துவிடுகிறது. பாத்ரூம் கழுவுகிற வேலை வீட்டில் என்னுடையதாகிவிட்டது. கழுவும்போது கதவைத் திறந்தே வைத்திருப்பேன். கொஞ்ச நேரம் சத்தம் வராமல் போனால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும்: "தம்பி, உள்ளதான் இருக்கியா?"