சோழமண்டலக் கரையின் ஐரோப்பிய ஊர்கள் வழியே

பழைய ஐரோப்பிய ஊர்களைக் காண ஐரோப்பாவுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான சுமார் 150 கிலோமீட்டர் கடலோரத்தில் பிரெஞ்சு, ஆங்கில, போர்த்துகீசிய, டேனிய, டச்சுக் குடியேற்றங்கள் அடுத்தடுத்து அமைந்திருந்தன. கடந்த சனவரியில் நானும் என் இணையரும் தாதரிலிருந்து சாளுக்கியா விரைவு வண்டியில் புதுச்சேரி சென்று, அங்கே வாடகைக்கு எடுத்த காரில் நான்கு நாள்கள் இவ்வழியே பயணம் செய்தோம். கோயில் கொடைக்கோ துக்க வீட்டுக்கோ அல்லாமல், ஊர் பார்ப்பதற்காகவே நாங்கள் மேற்கொண்ட முதல் பயணம் இது.

எங்களைப் பற்றிச் சில வரிகள் தேவைப்படுகின்றன. நான் தாராவியில் பிறந்தவள். என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக அங்கு வந்தவர். என் இணையரின் குடும்பம் மூன்று தலைமுறைகளாக மாட்டுங்காவில் வசிக்கிறது. இரண்டும் தமிழர் பகுதிகளே. நடுவில் மத்திய ரயில்வேயின் இருப்புப்பாதை ஓடுகிறது. சாதி மறுத்து மணந்த நாங்கள் இப்போது செம்பூரில் குடியிருக்கிறோம். மணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் மாமியார் அந்த இருப்புப்பாதையைக் கடந்து என் பெற்றோர் வீட்டுக்கு இன்னும் வந்ததில்லை.

புதுச்சேரியில் அந்த இருப்புப்பாதை நினைவுக்கு வந்தது. அங்கே வெள்ளையர் நகரையும் தமிழர் நகரையும் ஒரு கால்வாய் பிரிக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் பிரிவினை அத்துடன் முடிந்துவிடுகிறது. ஆனால், 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வேறொரு பிரிவினையையும் காட்டுகிறது. சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையர் கிறித்தவரையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1745-இல் அது இடிக்கப்பட்டதையும் அதனை எதிர்த்துச் சாதிக் கிறித்தவர்கள் திரண்டதையும் அவர் எழுதியிருக்கிறார். 1761-இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் நகரையே தகர்த்தனர். இன்றுள்ள கோயில் கட்டடம் 1791-இல் முடிக்கப்பட்டது. அந்தச் சுவரை இனிக் கல்லில் காண இயலாது. எழுத்தில்தான் காண முடியும்.

கடலூரையும், பெயரிலேயே ‘பரங்கி’யைச் சுமந்து நிற்கும் பரங்கிப்பேட்டையையும் கடந்து தரங்கம்பாடியை அடைந்தோம். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர் இங்குக் கோட்டை கட்டினர். 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845-இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டை மதிலில் அமர்ந்திருந்தபோது என் இணையர், “இவ்வளவு தூரம் வந்து இவர்கள் விட்டுச்சென்றது இவ்வளவுதானா?” என்று கேட்டார். மொழியியல் படித்தவளிடம் கேட்கக்கூடாத கேள்வி அது.

அவர் கையிலிருந்த கார்ச் சாவியே போர்த்துகீசியச் சொல். ஜன்னல், மேசை, அலமாரி ஆகியனவும் அவ்வாறே. மராத்தியிலும் சாவி சாவிதான். ஆகவே மும்பைத் தமிழ்க் குழந்தைக்கு இரண்டு மொழிகளையும் ஒரே சாவி திறக்கிறது. டச்சுக்காரர் ‘துட்டு’ என்ற சொல்லைத் தந்தனர். ‘கக்கூஸ்’ என்ற சொல்லையும் அவர்களே தந்தனர். சிங்களத்தில் அது ‘கக்குஸ்ஸிய’ என்றும் இந்தோனேசிய மொழியில் ‘காகுஸ்’ என்றும் வழங்குகிறது. டச்சுக் கப்பல்கள் சென்ற துறைகளை இந்த ஒரு சொல்லைக் கொண்டே வரைபடமாக்கிவிடலாம்.

காரைக்கால் அருகே ஒரு பெட்ரோல் நிலையத்தில் நான் இச்சொல்லைச் சொல்லிக் கேட்டபோது என் இணையரின் முகம் சற்றே சுருங்கியது. அவர் வீட்டில் அது நாகரிகமற்ற சொல். தாராவியில் அது விடியற்காலை வரிசை. தண்ணீர் வாளியுடன் அம்மா எனக்காக இடம் பிடித்து நின்ற பொழுது. நாகப்பட்டினம் வரும்வரை இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கடல் கடந்து ஒன்றாக வந்த சொற்களில் மேசையும் அலமாரியும் கூடத்தில் இடம்பெற்றன. ஒரு சொல் மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் டச்சுக்காரர் அல்லர். அந்தச் சொல்லுக்குரிய வேலையை யாருடைய தலையில் சுமத்தினோம் என்பதில் அதன் காரணம் இருக்கிறது. “இனி நானும் அப்படியே சொல்கிறேன்” என்றார் அவர். சொல்வதோடு முடிவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மரபுச் சின்னம் என்று நாம் எதை அழைக்கிறோம் என்ற கேள்வியுடன் மும்பை திரும்பினேன். தாராவியிலும் ஒரு கோட்டை உண்டு. 1737-இல் ஆளுநர் ஜான் ஹார்ன் ஆணைப்படி கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு கூறுகிறது. மக்கள் அதனைக் காலா கில்லா, கறுப்புக் கோட்டை, என்பர். மறுசீரமைப்புக்காக வீடுகள் எண்ணிடப்படும் இந்நாள்களில், எது பழமை, எது அகற்றப்பட வேண்டியது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பது ஆய்வாளரின் கடமை என நினைக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, அந்தக் கோட்டையைச் சுற்றி எழுந்த வீடுகளும் அங்கே பேசப்படும் தமிழும் கோட்டைக்குச் சற்றும் குறையாத மரபே.

சென்ற வாரம் மாட்டுங்கா வீட்டில் பயணப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தோம். தரங்கம்பாடிப் படங்களோடு, திரும்பிய பின் நான் எடுத்த காலா கில்லாப் படமும் இருந்தது. “இது எந்த ஊரும்மா?” என்று மாமியார் கேட்டார்.

“தாராவி, அத்தை. இங்கிருந்து நடந்தே போகலாம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த படத்துக்கும் நகரவில்லை.