பெயரை மறைத்த கவிதை

திங்கள்

உயர்தர வகுப்புக் கொப்பிகளைத் திருத்தினேன். பாட்டு எதுவானாலும் நயம் ஒன்றாகவே வருகிறது. கவிஞரின் சொல்லாட்சி போற்றத்தக்கது, ஓசை நயம் உள்ளத்தைக் கவர்கிறது, கருத்து சமூகத்துக்கு அவசியமானது. எல்லாம் ரியூசன் குறிப்பு. தலைப்பை மட்டும் மாற்றினால் அடுத்த வருட வினாவுக்கும் செல்லும். இதற்கும் புள்ளி விழுந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

செவ்வாய்

கைலாசபதியும் முருகையனும் சேர்ந்து எழுதிய 'கவிதை நயம்' நூலை அலுமாரியில் தேடி எடுத்தேன். நயத்தல் என்றால் பாராட்டுப் பத்திரம் வாசிப்பதல்ல என்று நினைவூட்ட நல்ல புத்தகம். முன்பு கேம்பிரிட்ஜில் விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ், எழுதியவர் பெயரை மறைத்துப் பாட்டுகளைக் கொடுத்து மாணவர்களை எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியவற்றை வைத்து 1929இல் ஒரு நூலே போட்டார். அங்கேயும் பலர் பாட்டை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் முன்பே இருந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள். நம்முடைய பிள்ளைகளை மட்டும் ஏசி என்ன பயன்?

புதன்

தலைப்பையும் பெயரையும் வெட்டிவிட்டுக் கவிஞர் நுஃமானின் 'புத்தரின் படுகொலை'யைக் கொடுத்தேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றியது. கனவில் புத்தர் சுடப்படுகிறார், நூலகப் படிக்கட்டருகே உடல் கிடக்கிறது, புத்தகங்களால் மூடி எரிக்கிறார்கள்.

"இன ஒற்றுமையைச் சொல்லுது, சேர்" என்று முன்வரிசை உடனே தீர்ப்புக் கூறிவிட்டது.

"எந்த வரியில இரிக்கி? காட்டுங்க, மகன்."

வகுப்பு அமைதியானது. பிறகு நானே கேட்டேன்: நூலகம் எரிந்தது நடந்த விசயம், அதை ஏன் கனவாகச் சொல்ல வேண்டும்?

"கனவு எண்டா ஆரும் கேள்வி கேக்க ஏலாதே, சேர்" என்றான் ஒருவன். மோசமில்லை. அப்போது யன்னலோரத்து மகள் தாளில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "தொண்ணூறாயிரம் புத்தகம் எண்டு போட்டிரிக்கே. கனவுல ஆரு சேர் எண்ணிப் பாப்பாங்க?"

இப்படி ஒரு கேள்வியைத்தான் நான் இத்தனை நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கனவுக்குள் ஒரு கணக்கு வந்துவிட்டால் அது கனவாக நிற்காது, செய்தியாகிவிடும். எந்த நயக்குறிப்பிலும் இந்தக் கேள்வியை நான் கண்டதில்லை.

கடைசியில் பெயரைச் சொன்னேன். "கல்முனைக்குடி நுஃமான் சேரா?" என்று ஒரே சத்தம். 1944இல் இங்கே பிறந்தவர். இந்தக் கவிதையை முதலில் பெயரோடு கொடுத்திருந்தால் எல்லாரும் ஊர்ப்பெருமையைத்தான் எழுதியிருப்பார்கள்.

வியாழன்

மழை. பாதிப் பேர் வரவில்லை.

வெள்ளி

ஜும்ஆவுக்காக வேளைக்கே மணி அடிக்கும், ஆகவே ஒரே ஒரு பந்தி. என்ன சொல்கிறாய், எந்த வரியை வைத்துச் சொல்கிறாய், அந்த வரி எப்படி அதைக் காட்டுகிறது என்று மட்டும் எழுதச் சொன்னேன். பின்வரிசைக்காரன் ஒருவன் கவிதையில் வரும் அமைச்சர்களைப் பிடித்துக்கொண்டான். புத்தரைக் கொன்றது அவர்களுக்குத் துக்கமில்லை, அவர் பெயர் பட்டியலில் இல்லாததுதான் பிரச்சினை, அப்படியென்றால் பட்டியல் ஒன்று இருந்திருக்கிறது என்று எழுதியிருந்தான். எழுத்துப்பிழை ஏராளம். ஓரத்தில் "இதையே இன்னும் விரித்து எழுதவும்" என்று குறித்தேன்.

"இப்படி எழுதினா சோதனையில புள்ளி விழுமா, சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். விழும், ஆனால் அணிகளுக்கும் ஒரு பந்தி ஒதுக்கிவிடு என்றேன். திருத்துகிறவர் யாரென்று நமக்குத் தெரியாதே.

சனி

அடுத்த கிழமைக்குக் கவிஞர் நீலாவணனைக் கொடுக்கலாமா என்று பார்க்கிறேன். அவருடைய ஊரான பெரிய நீலாவணையிலிருந்து கல்முனைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவர் பெயரை மறைத்துப் பலன் இருக்குமா தெரியவில்லை.