தஹான் மலைக்கு அரைக் கிலோ மருந்து

பகாங்கில் உள்ள குனோங் தஹான், 2,187 மீட்டரில் தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான சிகரம். குவாலா தஹான் பாதையில் ஏறி இறங்க ஏறக்குறைய 7 நாள். ஆற்றைப் பலமுறை கடப்பதால் காலணி காயவே காயாது. வழிகாட்டி உடன் வருவார், வைத்தியர் வரமாட்டார். இரண்டாம் நாள் குதிகாலில் ஒரு கொப்புளம் வந்தால் போதும், குழுவே தடுமாறும்.

‘என்ன நடக்குமோ’ என்ற பயத்தில் மருந்துப் பையை நிரப்பாதீர்கள். அடிக்கடி நடப்பவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்.

முதலில் கால். தோல் சூடாக உறுத்தும்போதே நின்று, ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டர் நாடா ஒட்டுங்கள். முழுச் சுருள் பாரம். வேண்டிய அளவைப் பேனாவில் சுற்றிக்கொள்ளலாம்.

அடுத்து அட்டை. அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது. கசிவு நிற்க நேரமாகும். நெருப்பு வைக்காமல் நகத்தால் நெம்பி எடுத்து, கழுவி, காஸ் துணியால் அழுத்துங்கள்.

சுளுக்குக்கு எலாஸ்டிக் பேண்டேஜ், வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். தூள், காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல், கிருமிநாசினி, ஒரு ஜோடி கையுறை. ஆஸ்துமா, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தங்கள் மருந்தை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளை உறையோடு வையுங்கள். பெயரும் காலாவதித் தேதியும் தெரியும். எல்லாம் தண்ணீர் புகாத பைக்குள். அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும்.

பை எங்கே இருக்கிறது, எதை எப்படிப் பயன்படுத்துவது என்று உடன் நடப்பவருக்கும் சொல்லிவையுங்கள். விழுந்து கிடப்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.