கைராசியும் கொசுவலையும்

நம் ஊர்களில் ஒரு டாக்டரைப் புகழ வேண்டுமானால் 'கைராசிக்காரர்' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு வழக்கு உண்டு. ராசி கையோடு வந்து கையோடு போய்விடும். பக்கத்து ஊர் டாக்டருக்கு அதனால் காலணாப் பிரயோஜனம் இல்லை.

பாம்பன் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுப்பார்கள். அவர்களில் ஒரு பெரியவர் குடலிறக்கத்தைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். "சர்க்கார் ஆஸ்பத்திரியில காசு கேக்க மாட்டாங்கய்யா. படுத்துக் கெடக்குற நாளுக்கு யாரு பங்கு குடுப்பா?" என்றார். வைத்தியம் தள்ளிப்போவதற்கு இப்படி நூறு காரணங்கள். அவற்றில் ஒன்று, வலையின் விலை.

ஆம், வலைதான். குடல் பிதுங்கும் இடத்தில் சிறு வலைத்துண்டை வைத்துத் தைப்பார்கள். அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். கம்பெனி வலை விலை கூடியது. மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்னும் சிற்றூரில் டாக்டர் ரவீந்திரநாத் தோங்காவ்கர், கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். (யாரும் வீட்டுக் கொசுவலையைக் கத்தரித்துக்கொண்டு ஓட வேண்டாம்!) குணமானதும் 'நம் ராசி' என்று அவர் சும்மா இருந்துவிடவில்லை. வேறு ஊர் டாக்டர்களையும் சேர்த்துக்கொண்டு, 359 குடலிறக்கங்களின் கணக்கை 2003-ல் அச்சேற்றினார்.

பிறகு உகாண்டாவில் 302 ஆண்களில் பாதிப்பேருக்குக் கம்பெனி வலையும் பாதிப்பேருக்கு மலிவு வலையும் வைத்து, ஓராண்டு கவனித்தார்கள். 2016-ல் வெளியான முடிவு: சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. அந்த மலிவு வலை எங்கே செய்தது தெரியுமா? நம் கரூரில்! யாரும் எழுதாமல் இருந்திருந்தால், அது இன்னும் கொசுவை மட்டுமே தடுத்துக்கொண்டிருக்கும்.