பிவா ஏரியில் பொய் மீன்

ஜப்பானின் பழைய தலைநகரான கியோத்தோவுக்குச் செல்கிறவர்கள், கோயில்களையும் நந்தவனங்களையும் கண்டு களித்துவிட்டுத் திரும்பிவிடுவது வழக்கம். இன்னும் பத்து நிமிஷம் ரயிலில் சென்றால் ஓத்ஸு நகரம். அதன் வாசலிலே பிவா ஏரி. பிவா என்பது ஒரு தந்தி வாத்தியத்தின் பெயர். ஏரியின் வடிவம் அதைப் போலிருப்பதால் அப்பெயர் வந்தது என்பார்கள். பரப்பு சுமார் 670 சதுர கிலோமீட்டர்; ஜப்பானில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. குடம் போன்ற வடபாகத்தில் 100 மீட்டருக்கு மேற்பட்ட ஆழமும் உண்டு. தண்டு போன்ற தென்பாகமோ சராசரி 4 மீட்டர் ஆழந்தான்.

பங்குனி மாதத்தில் நாம் சென்றபோது மேற்கே ஹீரா மலைச் சிகரங்களில் பனி இன்னும் கரையவில்லை. தென்பாகத்தின் கரையெங்கும் கோலும் கையுமாகப் பலர் நின்றார்கள். தூண்டில் என்றால் மண்புழுவும் பொறுமையுமே நம் நினைவுக்கு வரும். இங்கே புழுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பதும் இல்லை. இவர்கள் எறிவது பொய் மீன். ‘வைப்ரேஷன்’ என்பது அதன் பெயர்.

சுண்டுவிரல் நீளமுள்ள தட்டையான பிளாஸ்டிக் மீன் அது. வயிற்றில் ஈயம், உள்ளே கிலுகிலுப்பை போல் ஒலிக்கும் சிறு குண்டுகள், வயிற்றிலும் வாலிலும் மும்முனைத் தூண்டில் முட்கள். நூலை மூக்கில் கட்டுவதில்லை, முதுகில் கட்டுகிறார்கள். சூட்சுமமெல்லாம் அதில்தான். இழுக்கும்போது நெற்றியில் ஜலம் மோத, உடம்பு முழுவதும் வெடவெடவென்று அதிர்கிறது. இழுப்பதை நிறுத்தினால் கல்லைப் போல் மூழ்குகிறது. மீனின் விலாவில் ஓடும் கோடு அதிர்வை உணரும் பொறி. ஆகையால் கலங்கிய நீரிலும் இரை வருவதை அது அறிந்துகொள்கிறது.

எங்களை ஏற்றிச் சென்ற படகுக்காரர் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். “முதலில் ஏரியின் தரையைத் தெரிந்துகொள்ளுங்கள், மீன் பிறகு வரட்டும்” என்று பாடத்தைத் தொடங்கினார். பொய் மீனை எறிந்ததும் மனத்துக்குள் எண்ண வேண்டும். நூல் தளர்ந்தால் தரை தட்டிவிட்டது என்று அர்த்தம். ஐந்தில் தட்டினால், அடுத்த முறை நான்கிலேயே ரீலைச் சுற்றத் தொடங்க வேண்டும். அப்போது அது தரையிலிருந்து சற்றே மேலாக நீந்தி வரும். கோலின் நுனியைத் தாழ்த்தி, ஒரே வேகத்தில் சுற்றவேண்டும். கையில் அந்த அதிர்வு இடையறாமல் தெரியவேண்டும். அதிர்வு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, அல்லது மீன் கவ்வியிருக்கிறது.

பிவாவின் தென்பாகத்தில் கோடையில் நீர்ப்பாசி மேற்பரப்பு வரை அடர்ந்து வளரும். குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் அது குட்டையாகக் கிடக்கும். அந்தத் தலைகளை உரசியபடி பொய் மீனை ஓட்டுவதே இவ்வூர் வித்தை. சிக்கினால் பலமாக இழுக்கலாகாது. கோலை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் விடுபடும். விடுபட்டுத் துள்ளும் அந்தக் கணத்தில்தான் மீன் பெரும்பாலும் பாய்கிறது. கடுங்குளிரில் மீன் மந்தமாயிருக்கும். அப்போது தரையிலிருந்து மெல்லத் தூக்கி, மறுபடியும் விழவிட்டு, அப்படியே இழுத்து வருவது நலம். முட்கள் பொல்லாதவை, கண்ணுக்குக் கண்ணாடியும் முள்ளைக் கழற்ற இடுக்கியும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

நெடுநேரத்துக்குப் பிறகு நமக்கும் ஒன்று அகப்பட்டது. அகன்ற வாயும் பச்சை முதுகும் கொண்ட பிளாக் பாஸ். இது அமெரிக்காவிலிருந்து 1925-ம் வருஷம் ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட ஜாதி. பிவாவில் 1974-ல் காணப்பட்டது. 2009-ல் இதே ஏரியில் ஒருவர் பிடித்த பாஸ் 10 கிலோவுக்கு மேலிருந்து, 1932-ம் வருஷத்து உலக சாதனைக்குச் சமமாயிற்று. தூண்டில்காரர்களுக்கு அது திருநாள். ஏரிக்கோ? விருந்தாளி வீட்டுக்காரனின் குழந்தைகளையே விழுங்கத் தொடங்கினான். நாணலிடையே முட்டையிடும் நிகோரோபுனா என்ற கெண்டையினம் பிவாவுக்கே உரியது. நாணல் குறைந்தது ஒரு காரணம். அந்நிய மீன்களின் பசி மற்றொரு காரணம். அந்த இனம் அருகிப்போயிற்று.

அதனால் ஷிகா மாகாணத்தார் 2003 முதல் ஒரு விதி செய்திருக்கிறார்கள்: பிடித்த பாஸ் மீனைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது. கரையோரங்களில் அதைப் போடுவதற்குப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மீறுபவருக்குத் தண்டனை கிடையாது, மனச்சாட்சிதான் காவல். பிடித்த மீனை உயிரோடு விடுவதே தூண்டில் தர்மம் என்று பழகிய பலருக்கு இது கசந்தது. நம் கையிலிருந்த மீனும் வாயைத் திறந்து திறந்து மூடியது. விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் இதற்குக் காட்டும் இரக்கம், நாணலுக்குள் பொரியப்போகும் குஞ்சுகளுக்கு யமனாக முடியும். படகுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கரையை அடைந்ததும் பெட்டி இருக்கும் பக்கத்தைக் காட்டினார். நாம் அதில் மீனைப் போட்டோம்.

ஓத்ஸு செல்லும் நேயர்கள் புனாசுஷி என்ற பண்டத்தை ஒரு துண்டாவது ருசி பார்க்கவேண்டும். நிகோரோபுனாவை உப்பிட்டு, சோற்றில் புதைத்து, பல மாதம் புளிக்கவைத்துச் செய்வது. வாசனை முதலில் பயமுறுத்தும். ருசி பிறகு பிடிபடும். விலை அதிகம் என்று கடைக்காரரிடம் குறை சொல்ல வேண்டாம். காரணம் எதிரே ஏரியில் நீந்திக்கொண்டிருக்கிறது.