மதிப்பீடு என்னும் காவல்

கணக்கிற்கு விடை காண்பது ஒரு திறம். கண்ட விடை ஏற்கத்தக்கதா என உணர்வது மற்றொரு திறம். முன்னதைப் பலரும் கற்கின்றனர். பின்னதைச் சிலரே போற்றுகின்றனர். கலப்புப் பின்னங்களை வகுக்கும்போது இப்பின்னைய திறத்தின் அருமை நன்கு விளங்கும்.

47¾ ஐ 5⅞ ஆல் வகுக்க வேண்டும் எனக் கொள்வோம். இவற்றை முறையே 191/4, 47/8 என மாற்றி, வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினால் 8 6/47 என்னும் விடை கிடைக்கும். தலைகீழாக்க மறந்தவர்க்கோ 280 17/32 என வரும். அவர் செய்த பெருக்கலில் பிழை இராது. ஆயினும் விடை தவறாகும். அத்தவற்றைக் காட்டிக்கொடுப்பது எது? எழுதத் தொடங்குமுன் மனத்தில் செய்துகொள்ளும் மதிப்பீடே. 47¾ ஏறத்தாழ 48. 5⅞ ஏறத்தாழ 6. நாற்பத்தெட்டில் ஆறு எட்டு முறை அடங்கும். ஆகவே விடை எட்டினை ஒட்டியே இருத்தல் வேண்டும். 280 ஆதல் ஒருபோதும் இயலாது.

இவ்வாறு மீதியின்றி வகுபடுமாறு தேர்ந்துகொள்ளும் எண்களை இணக்கமான எண்கள் எனலாம். மிக அருகிலுள்ள முழு எண்களே எப்போதும் இணக்கமாய் அமைந்துவிடுவதில்லை. தையற்காரர் ஒருவரிடம் 17¼ மீட்டர் துணி இருந்தது. வாயில் திரை ஒன்றுக்கு 2⅛ மீட்டர் வேண்டும். 17 ஐ 2 ஆல் மீதியின்றி வகுக்க இயலாது. அவர் 16 ஐயும் 2 ஐயும் மனத்திற்கொண்டு, "எட்டுத் திரை வரும்" என்றார். நான் தாளில் எழுதிக் கணக்கிட்டேன். 8 2/17 என வந்தது. எட்டுத் திரைகளுக்கு 17 மீட்டர் போகக் கால் மீட்டர் துணி எஞ்சியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர் இரண்டு எண்களையுமே குறைத்துக்கொண்டார். வகுபடும் எண் குறைந்தால் ஈவு குறையும். வகுக்கும் எண் குறைந்தால் ஈவு கூடும். எனவே ஒன்றை மற்றொன்று ஈடுசெய்தது. ஒன்றை உயர்த்தி, மற்றொன்றைத் தாழ்த்தினால் பிழைகள் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்துவிடும். 23¾ மீட்டர் துணியை 2¼ மீட்டர்த் திரைகளாக வெட்டுவதற்கு 24 ஐயும் 2 ஐயும் கொண்டால் 12 என வரும். உண்மை விடையோ 10 5/9. பன்னிரண்டு திரைகள் தருவதாக வாக்களித்தவர், குறையும் 3¼ மீட்டர் துணிக்கு எங்கே செல்வார்? 20 ஐயும் 2 ஐயும் கொண்டிருப்பின் பத்து என்றிருப்பார். சொன்ன சொல்லும் பிழைத்திருக்கும்.

நம் முன்னோர் கால், அரைக்கால், வீசம் எனப் பின்னங்களுக்குத் தனிப் பெயரிட்டு, எண்சுவடி வாயிலாக அவற்றை மனத்திற் பதித்தனர். இன்று கணக்கிடும் கருவி நம் கையில் உள்ளது. நாம் இட்ட எண்களுக்கு அது நொடியில் விடை தரும். இட்ட எண்கள் சரியானவைதாமா என்று அது கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்ப வேண்டியவர் நாமே. மாணவர்களே, எழுதுகோலை எடுக்குமுன் விடை எவ்வளவு இருக்கும் என ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அம்மதிப்பீடு உங்கள் விடைக்கு என்றும் காவலாய் நிற்கும்.