தொங்குதல் பற்றி

எங்கள் பக்கத்துக் கழுப்பெரும்பாக்கத்தில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஊர் ஆலமரத்துப் பழந்தின்னி வௌவால்கள் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். சென்ற ஞாயிறு கிளியனூரிலிருந்து போய் அந்த மரத்தடியில் நின்றேன்.

நம் பேச்சில் தொங்குவது நல்ல காரியமாக இல்லை. முடிவு தெரியாத வழக்கு தொங்குகிறது. வேலைக்காக ஒருவன் இன்னொருவன் பின்னால் தொங்குகிறான். தோற்றவன் முகம் தொங்கிப்போகிறது. எந்தத் தலைப்பில் வைப்பதென்று தெரியாத தொகையை வங்கியில் நாங்கள் அனாமத்தில் போடுகிறோம். அதன் ஆங்கிலப் பெயரான சஸ்பென்ஸுக்கும் வேர் தொங்கல்தான். எல்லாவற்றிலும் ஒரு சிரமம், ஒரு கெஞ்சல்.

வௌவாலுக்குச் சிரமமே இல்லை. உடம்பின் பாரமே கால் தசைநாரை இழுக்க, விரல்கள் தாமாக மடங்கிப் பூட்டிக்கொள்கின்றன. தூக்கத்திலும் பிடி நழுவாது. செத்த பிறகும் தொங்குவதுண்டு. மெல்லிய கால்களால் தரையிலிருந்து எம்புவது கடினம். எனவே பிடியை விட்டு விழுந்து, அந்த விழுதலையே பறத்தலாக்கிக்கொள்கிறது. பிரயத்தனம் தேவைப்படுவது விடுவதற்குத்தான்.

பதினோரு வருஷமாக, எழுத்துக்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு இந்த உத்தியோகத்தைப் பிடித்திருப்பதாக நண்பர்களிடம் சொல்லிவருகிறேன். அதில் ஒரு தியாகத் தொனியும் உண்டு. மரத்தடியில் அது பொய்யாகப் பட்டது. நான் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சம்பளம், வீட்டுக் கடன், அம்மாவின் மருந்து என்று பாரம்தான் என் விரல்களைப் பூட்டியிருக்கிறது.

இருட்டத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. விடிவதற்குள் அதே மரத்துக்குத் திரும்பிவிடும். எனக்கு அந்த வசதி இல்லை. ராஜினாமா எழுதாததற்கு இதை இன்னொரு சாக்காகவும் கொள்ளலாம்.